ஒரு காட்டுக்கு மட்டும் தண்ணீர்

பச்சைப் பொத்தானை அமுக்கினால் மோட்டார் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும், இதில் உட்கார்ந்து யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் காலை பஸ்ஸில் வத்தலக்குண்டுக்குப் பல் பிடுங்கப் போய்விட்டார். தீபாவளியிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிற பல். நேற்றுவரை அந்தப் பல்லை வைத்துக்கொண்டுதான் கடலை மிட்டாய் தின்றார். இன்றைக்குப் பார்த்து வலி உயிர் போகிறதாம். எனக்குத் தெரியாதா. பொத்தானை அமுக்குகிற கை தன்னுடையதாக இருக்கக் கூடாது, அந்தப் பல்லில் இருக்கிற சொத்தை அவ்வளவுதான். அண்ணன் பெண்டாட்டியின் முகத்தில் நாளைக்கு முழிக்க வேண்டுமே. நான் மட்டும் முழிக்க வேண்டாமா? ஒரே பாதையில்தான் நானும் ரேஷன் கடைக்குப் போகிறேன், ஒரே குழாயில்தான் குடம் வைக்கிறேன். ஆனால் வெளியிலிருந்து வந்தவள் செய்தால் அது வேறு மாதிரி, பார் அவள் புத்தியை என்று ஊர் சொல்லிக்கொள்ளும், தம்பி பாவம் என்ன செய்வான் என்றும் அதே வாயால் சொல்லும். மோட்டார் ரூம் வாசல்கல் சுடுகிறது. தாண்டிக்குடிக்கு மேலே, இந்த உயரத்தில், பங்குனி பிறக்குமுன்னே கல் சுடுகிறது. நான் கல்யாணமாகி வந்த வருஷம் இந்த மாசத்தில் கம்பளி போர்த்திக்கொண்டுதான் பல் தேய்த்தேன். போன வருஷம் சீலிங் ஃபேன் வாங்கி மாட்டினோம். மலைமேல் எதற்கு ஃபேன் என்று கடைக்காரன் சிரித்தான், இந்த வருஷம் அவன் கடையில் ஃபேன் இல்லையாம், தீர்ந்துபோச்சாம். சரி, பொத்தானுக்கு வா. பொத்தானை விட்டுவிட்டு ஃபேனுக்குப் போய்விட்டேன். மேற்கே மேகம் நிற்கிறது. நேற்றும் அங்கேயேதான் நின்றது. முந்தாநாளும் நின்றது. வரவும் மாட்டேன் போகவும் மாட்டேன் என்று கடன்காரன் மாதிரி நிற்கிறது. அது வந்துவிட்டால் நான் எதையும் அமுக்க வேண்டாம். யாரும் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டாம். வந்துவிடேன். உனக்கு என்ன கேடு.

காபிச் செடிக்கு இது தூக்கம் கலைகிற நேரம். பழம் பறித்து முடித்ததும் கணுவுக்குக் கணு மொட்டு வைத்துவிட்டு அப்படியே உறங்கும். மாசி கடைசியிலோ பங்குனி முதலிலோ மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி ஒரு மழை பெய்ய வேண்டும், நாங்கள் அதைப் பூ மழை என்போம், பெய்து ஒரு வாரம் பத்து நாளில் காடு முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகத் திறந்துகொள்ளும். அந்த வாசத்தில் தலைவலியே வரும், சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கொஞ்சம் மெதுவாகப் பேசுவார்கள். அந்தப் பூதான் அடுத்த மார்கழிக்குப் பழம், பூ இல்லையென்றால் வருஷமே இல்லை. எழுந்து போய்ப் பக்கத்துச் செடியின் கிளையைப் பிடித்துப் பார்க்கிறேன், காலையிலிருந்து எத்தனை தடவை பார்த்துவிட்டேன், பார்த்தால் பூத்துவிடுமா. மொட்டு அரிசிமணி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலை மதியத்தில் தொங்குகிறது, நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரமே சருகைக் கொட்டுகிறது, நிழல் தருகிறவனுக்கே நிழல் இல்லை. இன்னும் ஒரு வாரம் இந்த வெயில் அடித்தால் மொட்டு கிளையிலேயே கருகிவிடும். கருகினாலும் பரவாயில்லை, அரைகுறையாக நனைவதுதான் எல்லாவற்றையும்விட மோசம். கொஞ்சமாய் நனைந்தால் மொட்டு முழித்துக்கொள்ளும், திறக்கத் தெம்பிருக்காது, இளம் ரோஸ் நிறமாகி நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்திப் போட்டோகூட எடுத்தார்கள், நாலாம் நாள் கையால் தொட்டால் பொடியாக உதிரும். அதை நான் ஒருதடவை பார்த்திருக்கிறேன், இனி பார்க்கக் கூடாது. போன வருஷம் பூத்தது, நன்றாகவே பூத்தது, பறிக்கிற நேரத்தில் விடாமல் பத்து நாள் மழை, பழம் செடியிலேயே வெடித்து, களத்தில் கொட்டியது பூசணம் பிடித்து, கிளறினால் புளித்த வாடை. அதற்கு முந்தின வருஷம் தையிலேயே மழை பெய்து, பழுத்த பழத்துக்குப் பக்கத்திலேயே பூ பூத்தது, பழத்தைப் பறித்தால் பூ கொட்டும், பூவைக் காப்பாற்றினால் பழம் கொட்டும். கேட்காதபோது கொட்டுகிறது, கேட்டால் அங்கே நிற்கிறது. மழைக்கும் பைத்தியம் பிடிக்குமா? அவருடைய போனில் ஒரு படம் வரும், மேகத்துக்குக் கீழே மூன்று சொட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மழை என்று. தினமும் நாலு மணிக்கு மழை. அந்தப் போனை வெளியே வைத்தால் போன்கூட நனையவில்லை.

சரி, பொத்தான். குட்டையில் இருக்கிற தண்ணீரை ஸ்பிரிங்க்ளரில் தூற்றினால் மழை மாதிரியே ஏமாற்றலாம், செடிக்கு வித்தியாசம் தெரியாது. மழை தவறுகிற வருஷங்களில் அப்படித்தான் சமாளித்திருக்கிறோம். ஆனால் குட்டை ஒன்று, காடு இரண்டு. கீழ்க்காடு எங்களுடையது, மேல்காடு செல்லக்கிளி அக்காவுடையது, என் ஓரகத்தி, அவருடைய செத்துப்போன அண்ணனின் சம்சாரம். பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள், தண்ணீரைப் பிரிக்க முடியவில்லை, ஒரு வருஷம் அவர்கள் முதலில் இறைப்பது, அடுத்த வருஷம் நாங்கள் முதலில் என்று பேசி வைத்தார்கள். முதலில் இறைத்தவர்கள் முடித்த பிறகும் குட்டையில் தண்ணீர் மிஞ்சும், மேலே ஊற்றும் சொட்டிக்கொண்டிருக்கும், இரண்டாவது வீட்டுக்கும் போதும். எப்போதும் போதும், அதனால் யார் முதல் என்பது வெறும் மரியாதைதான், வெற்றிலைத் தட்டை யார் முதலில் வாங்குவது என்பது மாதிரி. இந்த வருஷம் ஊற்று வற்றிவிட்டது. குட்டை ஓரத்துத் தார்ப்பாய் பாதிக்கு மேல் வெளியே தெரிந்து, வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. இருக்கிற தண்ணீர் ஒரு காட்டுக்குத்தான் காணும். இந்த வருஷம் எங்கள் முறை. முறை எங்களுடையதுதான், யாரும் தப்புச் சொல்ல முடியாது, சட்டமாகப் பேசினால் நான் அமுக்க வேண்டியதுதான். ஆனால் குட்டை இருப்பது அக்கா பங்கு நிலத்தில். அதை வெட்டியது அவள் புருஷன். மிளகு பறிக்கிற ஏணியிலிருந்து விழுந்து சாவதற்கு முந்தின கோடையில், கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளாமல், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரே மண் சுமந்தார், அக்கா கூடை தூக்கினாள். நான் அப்போது பிள்ளை பெற்று வீட்டில் இருந்தேன், காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். என் பங்கு அந்தக் காபி. வேண்டாம், இதையெல்லாம் நினைத்தால் அமுக்க முடியாது. நினைக்காமல் அமுக்கு. எழுந்து உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து நிற்கிறேன், கரண்ட் இருக்கிறது, மூன்று விளக்கும் எரிகிறது, ஒரு சாக்குக்காவது அணைந்திருக்கலாம். பொத்தான் மேல் ஒரு சிலந்தி. ஊதினேன். போகவில்லை. வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். சிலந்திக்காக உட்கார்ந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆளுக்குப் பாதி விட்டால் என்ன? பாதிக் காட்டுக்கு முழுசாக அவளுக்கு, பாதிக் காட்டுக்கு முழுசாக எனக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. பாதிக் காடு பூத்தால் பறிக்கிற கூலிக்கும் உரத்துக்குமே போய்விடும், இரண்டு வீடும் சேர்ந்து முழுகும். இந்த வருஷமும் இல்லையென்றால் கொடுத்துவிடலாம் என்று அவர் சாப்பிடும்போது சொன்னார், தட்டைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கொடுப்பது என்றால் அந்த ரிசார்ட் ஆளுக்கு. மாசத்துக்கு ஒருதடவை வெள்ளைக் காரில் வந்து, நடுக்காட்டில் நின்று, மூச்சை இழுத்து, வியூ, வியூ என்கிறான். எங்களிடமும் கேட்டான், அக்காவிடமும் கேட்டான். எங்களுடையது அவனுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, அக்காவுடையதில் தண்ணீர் இருக்கிறதே, குட்டைக் கரையில் குடிசை குடிசையாகக் கட்டலாமாம். அங்கேதான் என் நெஞ்சு மாட்டிக்கொள்கிறது. நான் முழுவதும் இறைத்துக்கொண்டால் அக்கா காடு பூக்காது, பூக்காவிட்டால் அவள் தனியாள், மகள் மதுரையில் நர்ஸ் படிப்பு, அவள் விற்பாள். அவள் விற்றால் குட்டை போகும், குட்டை போனால் அடுத்த வருஷம் எனக்குத் தண்ணீர் இல்லை, நானும் விற்பேன். அக்காவுக்கு முழுவதும் விட்டுக்கொடுத்தால் நான் இந்த வருஷமே விற்பேன். பாதிப் பாதி என்றால் இரண்டு பேரும் விற்போம். ஒன்றும் செய்யாமல் இந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தால் மொட்டு கருகும், அப்போதும் விற்போம். எப்படிச் சுற்றினாலும் அந்த வெள்ளைக் கார் வந்து நிற்கிறது. இல்லை, மழை இருக்கிறது, மழை பெய்தால் எதுவும் இல்லை. மேகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் கறுத்திருக்கிறதா? நான் அப்படிப் பார்க்கிறேனா? என் கண்ணை எனக்கே நம்ப முடியவில்லை. திருப்பூரில் இருக்கிற மகன் வித்துட்டு இங்க வாங்கம்மா, ரெண்டு பேரும் பனியன் கம்பெனியில செக்கிங்கு போகலாம் என்கிறான். ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று யாரோ போடப்போகிற பனியனில் ஓட்டை தேடுகிற வேலை. நான் இருபத்து மூன்று வருஷமாக வெளியில் மரத்தடியிலேயே நின்றவள். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு எந்த வார்த்தையும் இதற்கு இல்லை, பயமாகத்தான் இருக்கிறது.

போன் அடித்தது. அவர்தான். பல்லைப் பிடுங்கிவிட்டு, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிறார். "போட்டியா?" என்றார். "என்னத்த?" என்றேன், தெரியாத மாதிரி. "மோட்டாரத்தான்." "மேகம் நிக்குது. பாப்போம்." "மேகம் தெனமும்தான் நிக்குது. இங்க கீழ வெயிலு மண்டையப் பொளக்குது." "அப்ப நீங்க வந்து போடுங்க." பஞ்சை மறுகன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்ட சத்தம் கேட்டது. பிறகு, "மதினி ஏதும் சொன்னாங்களா?" என்றார். அதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. "சொன்னாங்க. முந்தாநாளே சொல்லிட்டாங்க. உங்க மொறைதான, போட்டுக்கங்கன்னாங்க" என்றேன். "அப்பறம் என்ன?" "அதான் போட முடியல" என்றேன். அவருக்குப் புரிந்தது, புரியாமல் இல்லை. "சரி, பஸ்ஸு வந்துருச்சு" என்று வைத்துவிட்டார். இந்நேரத்துக்கு எந்த பஸ்? அக்கா என்னைத் திட்டியிருந்தால் நான் எப்போதோ அமுக்கியிருப்பேன். என் புருசன் வெட்டுன குட்டை, எப்படி எடுக்குறேன்னு பாக்குறேன் என்று கத்தியிருந்தால், நானும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறையைப் பேசியிருப்பேன், எனக்கும் வாய் இருக்கிறது. அவள் போட்டுக்க என்றாள். சாதாரணமாக, முறத்தில் புளியைக் கொட்டை எடுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல். பூட்டிய கதவை உடைக்கலாம், திறந்து வைத்திருக்கிற வீட்டுக்குள் எப்படித் திருடப் போவது. மேல்காட்டு வரப்பில் ஏதோ அசைந்தது. சேலைதானா? இல்லை, வாழைச் சருகு. இல்லை, சேலைதான், நீலம், அவளுடையதுதான், நின்று எதையோ பார்த்துவிட்டுச் செடிக்குப் பின்னால் போய்விட்டது. என்னைத்தான் பார்த்தாள். பார்க்கட்டும். உட்கார்ந்திருப்பதைத்தானே பார்த்தாள், நான் ஒன்றும் அமுக்கவில்லையே. இப்படித்தான் குழந்தைகள் சொல்லும், நான் தொடவில்லையே, சும்மாதான் நின்றேன் என்று.

காற்று நின்றுவிட்டது. அதை முதலில் காது சொன்னது, சருகு உருள்கிற சத்தம் இல்லை. பிறகு வாசம், மண் வாசம், எழுந்து வெட்டவெளிக்கு ஓடினேன், முழங்கையில் ஒன்று விழுந்தது, நெற்றியில் ஒன்று. வா. வா தாயே வா என்று வாய்விட்டே சொன்னேன், பைத்தியக்காரி மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றேன். இலைகளில் சடசடவென்று விழுந்தது. தூசி அடங்கியது. பறவை ஒன்று கத்தியது. எனக்கு அழுகை வந்தது, அப்பாடா, நான் யாருக்கும் எதுவும் செய்யவில்லை, நானும் பிழைத்தேன் அவளும் பிழைத்தாள், அந்த ரிசார்ட் ஆள் எங்கேயாவது போய் வியூ பார்த்துக்கொள்ளட்டும். இன்னும் கொட்டு. இன்னும். முந்தானை நனைந்துவிட்டதா என்று பிழிந்து பார்த்தேன். சொட்டவில்லை. நிமிர்ந்தேன். மழை நின்றுகொண்டிருந்தது. இல்லை, நின்றேவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வருகிற நேரம்கூட இருந்திருக்காது. மேகம் கிழக்குப் பக்கமாக வெளுத்துப் போய்க்கொண்டிருந்தது, வெயில் அதே இடத்தில் திரும்ப அடித்தது, இலைகளிலிருந்து ஆவி கிளம்பியது. குனிந்து விரலால் மண்ணைக் கீறினேன். மேலே ஈரம், நகம் இறங்கினால் உலர்ந்த பொடி. போச்சு. இதைத்தான் கேட்டேனா, இதற்கா கையை விரித்தேன். மொட்டைப் பார்த்தேன், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு உட்கார்ந்திருக்கிறது, முழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டது, இனி அது தூங்காது. இன்றைக்குள் மண்ணை முழுசாக நனைக்கவில்லையென்றால் நாலாம் நாள் காடே ரோஸ் நிறம். என் காடு மட்டும் இல்லை, அவள் காடும் நனைந்திருக்கும், அவளுடையதும் முழித்திருக்கும். நாளை பார்ப்போம் என்கிற ஒரு சந்து இருந்தது, அதையும் அடைத்துவிட்டுப் போய்விட்டது. உள்ளே போனேன். சிலந்தி இல்லை. கை தானாகப் போனது. அமுக்கினேன். மோட்டார் ஒரு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது, குழாய்க்குள் காற்று ஓடுகிற சத்தம், பிறகு கீழ்க்காட்டில், என் காட்டில், முதல் வரிசையில் தண்ணீர் சுற்றி எழுந்தது.

அலுமினியக் குழாயை வரிசைக்கு வரிசை மாற்ற இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு முனை. ஒரு வீடு இறைக்கிறபோது அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் குழாய் மாற்ற வர வேண்டும், கூலி இல்லை, பாகம் பிரித்த காலத்திலிருந்து அப்படித்தான். இன்றைக்கு யாரை எதிர்பார்ப்பது என்று நான் நினைக்கவேயில்லை, வெட்கம் கெட்டு அவர் பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்தேன். செல்லக்கிளி அக்கா வரப்பிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டு கட்டி, வேலைக்கு வருகிற கோலத்தில். எனக்கு எங்கேயாவது ஓடிப்போனால் தேவலை என்று இருந்தது. அவள் என் பக்கம் வரவில்லை, நேராக முதல் வரிசை மூட்டுக்குப் போனாள், அங்கே வாஷர் போய்த் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது, நான் கவனிக்கவேயில்லை. தலைத்துண்டை அவிழ்த்து, ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, மூட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பீய்ச்சல் நின்றது. "இம்புட்டுத் தண்ணிய ஓடையில விடுறியே, கண்ணு எங்க இருக்கு ஒனக்கு?" என்றாள். "அக்கா" என்றேன். பாதி உங்களுக்கு என்று சொல்ல நாக்கு எழுந்ததா இல்லையா என்று இப்போதும் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. "காலையில இருந்து கல்லுல உக்காந்து எந்திரிச்சு உக்காந்து எந்திரிச்சு... மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கே இடுப்பு வலிக்குது ஒன்னப் பாத்து" என்றாள். "உங்க காடும் நனைஞ்சிருச்சுல்லக்கா. மொட்டு முழிச்சிருக்கும்." "முழிக்கட்டும்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள், குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நேத்தே அந்தக் கார்க்காரன்கிட்டச் சரின்னு சொல்லிட்டேன் வேலுத்தாயி. பங்குனி முடிய எழுதிக் குடுக்கணும். அதுக்குள்ள ஒனக்காவது பூத்துரட்டும். நல்லா விட்டுக்க, குட்டையில தண்ணி வைக்காத. மிச்சம் வச்சா அவன் குளிப்பான்."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. பொய் சொல்ல மாட்டேன், உடம்பெல்லாம் இளகி, நான் இல்லை, என்னால் இல்லை, நான் பொத்தானைத் தொடுவதற்கு முன்னாலேயே முடிந்துபோன கதை என்று ஒரு நிம்மதி. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. அது போன இடத்தில் குட்டை வந்து நின்றது. அப்படியென்றால் இது கடைசித் தண்ணீர். அடுத்த பங்குனிக்கு இந்த மோட்டார் எதை இறைக்கும்? இந்த வருஷம் பூக்கும், பழுக்கும், அப்புறம் மேகம் மேற்கே வந்து நிற்கும், கேட்க ஒரு குட்டையும் இருக்காது, முறை பேச ஓர் ஓரகத்தியும் இருக்க மாட்டாள். நேற்றே சொல்லியிருக்கலாமே என்று கத்த வேண்டும் போல இருந்தது, சொல்லியிருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன்? தூறல் பட்ட செடிகளுக்கு மேல் என் தண்ணீர் சுற்றிச் சுற்றி விழுந்துகொண்டிருந்தது, அவள் கால்வரை தெறித்தது, அவள் நகரவில்லை. அந்த வரிசை நன்றாக ஊறும்வரை இருவரும் நின்றோம். பிறகு அக்கா குனிந்து குழாயின் ஒரு முனையைத் தூக்கினாள். "நின்னுக்கிட்டே இருந்தா பொழுது போயிரும். அந்தப் பக்கத்தப் புடி" என்றாள். நான் போய்ப் பிடித்தேன்.